மலைவேம்பு: நிழலும் நஞ்சும்

நிழலுக்கு ஒரு மரம் வேண்டும் என்று நாற்று வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எது கெதியாக வளரும்?" பாடசாலை முற்றமாக இருந்தாலும், புதிதாகக் கட்டிய வீட்டின் வளவாக இருந்தாலும், பள்ளிவாசல் முன்றலாக இருந்தாலும் இந்தக் கேள்வி மாறுவதில்லை. இதில் பிழை ஒன்றுமில்லை. வெயில் இன்றைக்கே சுடுகிறது. இருபது வருடங்கள் கழித்து நிழல் தரப்போகும் மரத்துக்காகக் காத்திருக்க எல்லோராலும் முடியாது.

ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு மரம் நட்டால் என்ன நடக்கும்? இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடந்த இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஒரு மரத்தின் கதை உலகம் முழுவதிலும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது விரைவாக வளர்ந்தது, அழகாகப் பூத்தது, குடை விரித்தாற்போல் நிழல் தந்தது. அதனாலேயே கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர் அதன் பழம் நஞ்சு என்பதையும், அது வேலிக்குள் அடங்கி நிற்கும் மரமல்ல என்பதையும் நட்டவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். அந்த மரம்தான் மலைவேம்பு.

பெயர்களில் ஒரு வரலாறு

மலைவேம்பின் தாவரவியற் பெயர் மீலியா அசெடராக். சுவீடன் நாட்டு அறிஞர் லினேயஸ் 1753ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டினார். 'மீலியா' என்பது வேறொரு மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இலை அமைப்பில் ஓரளவு ஒற்றுமை இருந்ததால் அச்சொல் இதற்கும் வந்தது. 'அசெடராக்' என்பதோ பாரசீகத்திலிருந்து வந்தது. 'ஆஸாத் திரக்த்' என்றால் சுதந்திரமான மரம், அல்லது உயர்குல மரம் என்று பொருள். இப்பெயர் அரபு மருத்துவ நூல்களில் இடம்பெற்று, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. கி.பி. 1037இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு ஸீனா தமது 'அல் கானூன்' நூலில் இம்மரத்தைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அதன் கனியை இலந்தைப் பழத்துக்கு ஒப்பிடும் அவர், அது தீங்கு செய்யக்கூடியது என்றும் எச்சரிக்கிறார். ஆகவே இப்பழம் நஞ்சு என்பது நவீன விஞ்ஞானம் மட்டும் கண்டுபிடித்த செய்தி அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டது அது.

நமது வேம்பின் தாவரவியற் பெயரான 'அசாடிரக்டா இண்டிகா' என்பதிலும் இதே பாரசீகச் சொல்தான் ஒளிந்திருக்கிறது. வேம்பும் மலைவேம்பும் ஒரே குடும்பத்தவை. இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தே லினேயஸ் பெயரிட்டார், பின்வந்தவர்களே பிரித்தார்கள். தமிழில் மலைவேம்புக்குத் துருக்க வேம்பு என்ற பெயரும் உண்டு. சிங்களத்தில் 'லுணுமிதெல்ல' என்று சொல்லப்படும் மரமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. காட்டில் நெடிதாக வளரும் லுணுமிதெல்லயைச் சில தாவரவியலாளர் மீலியா டூபியா எனத் தனி இனமாகக் கொள்வர். வேறு சிலர் இரண்டும் ஒன்றே என்பர். எப்படியாயினும் இவை மிக நெருங்கிய உறவினர்.

ஆங்கிலத்தில் இதற்கு 'பாரசீக லைலாக்', 'சைனாபெரி', 'மணி மரம்' என்று பல பெயர்கள். மணி மரம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பழத்தின் உள்ளே இருக்கும் வித்து கல்போல் கடினமானது. அதன் மேற்புறத்தில் வழக்கமாக ஐந்து வரிப்பள்ளங்கள் இருக்கும். நடுவே இயற்கையாகவே ஒரு துளை இருக்கும். துளையிடும் கருவி இல்லாமலே நூலில் கோத்துவிடலாம். பிளாஸ்டிக் மணிகள் வருவதற்கு முன்னர் பல நாடுகளில் இந்த வித்துகளைச் சுத்தம் செய்து, உலர்த்தி, சாயமிட்டு, தஸ்பீஹ் மாலைகளும் கிறிஸ்தவர்களின் செபமாலைகளும் செய்தார்கள். சதை நஞ்சு, கொட்டையோ இறைவனைத் துதிக்கக் கையில் உருட்டும் மணி.

வேம்பா, மலைவேம்பா?

இவ்விரண்டையும் பிரித்தறிவது அவசியம். ஏனெனில் வேம்பின் மீது நமக்குள்ள நம்பிக்கையை அதே பெயர் கொண்ட இன்னொரு மரத்தின் மீதும் வைத்துவிடுகிறோம்.

முதலாவது அடையாளம் இலை. வேப்பிலையில் ஒரு காம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் நேரடியாக வரிசையாக நிற்கும். மலைவேம்பிலோ காம்பு கிளைவிட்டு, அக்கிளைகளில் சிற்றிலைகள் இருக்கும். அதாவது வேப்பிலை ஒருமுறை பிரிந்தது. மலைவேம்பின் இலை இருமுறை, சிலவேளை மும்முறை பிரிந்தது. தூரத்தில் இருந்து பார்க்கும்போது ஒரு மலைவேம்பிலை முழுக் கிளைபோலத் தோன்றும்.

இரண்டாவது பூ. வேப்பம்பூ வெள்ளை. மலைவேம்பின் பூ இளம் ஊதா நிறம். அதன் நடுவே கருஞ்சிவப்பு கலந்த கடும் ஊதாவில் ஒரு சிறிய குழாய் நிற்கும். நல்ல வாசமும் உண்டு. அலங்கார மரமாக இதைப் பலரும் விரும்பியதற்கு இந்தப் பூங்கொத்துகளே முக்கிய காரணம்.

மூன்றாவது பழம். வேப்பம்பழம் சற்று நீண்டது, பழுத்ததும் உதிர்ந்துவிடும். மலைவேம்பின் பழம் உருண்டையானது, ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரைச் சென்ரிமீற்றர் குறுக்களவு கொண்டது. பச்சையிலிருந்து மஞ்சளாக மாறி, தோல் சுருங்கி, இலைகள் எல்லாம் உதிர்ந்த பின்னரும் வெறுங்கிளைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இந்தப் பழக்கம் பார்ப்பதற்கு அழகானது. ஆனால் சிறு பிள்ளைகளின் கண்ணுக்கும் பறவைகளின் கண்ணுக்கும் அது வெகு தூரத்திலிருந்தே தெரியும்.

வளர்ச்சியின் வேகமும் குறிப்பிடத்தக்கது. வசதியான இடத்தில் நாலைந்து ஆண்டுகளில் 6 மீற்றர் உயரத்தை எட்டிவிடும். வறட்சியைத் தாங்கும், வளமற்ற மண்ணிலும் நிற்கும். இலைகளில் உள்ள கசப்புப் பொருட்கள் பல பூச்சிகளுக்கு ஆகாதவை. வெட்டுக்கிளிகள் இதைத் தவிர்ப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட விடயம். உலர்ந்த இலைகளைப் புத்தகங்களுக்கும் கம்பளித் துணிகளுக்கும் இடையில் வைத்துப் பூச்சியைத் தடுப்பதும் பழைய வழக்கம். மரமும் பயனுள்ளது. நமது நாட்டில் லுணுமிதெல்லப் பலகை இலேசானது என்பதால் வீட்டுக் கூரைத் தட்டுகளுக்கும், தேயிலைப் பெட்டிகளுக்கும், வள்ளங்களின் பக்கத்தில் கட்டும் மிதவைக் கட்டைகளுக்கும் பயன்பட்டது. ஆகவே இதைக் கெட்ட மரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது.

பழத்தில் உள்ள நஞ்சு

மலைவேம்பின் எல்லாப் பாகங்களிலும் கசப்புப் பொருட்கள் இருந்தாலும், மனிதருக்கும் விலங்குகளுக்கும் ஏற்பட்ட பாதிப்புகளில் பெரும்பாலானவை பழத்தினால் வந்தவையே. பழத்தில் மீலியாடொக்சின்கள் என்னும் சேர்வைகள் உள்ளன. இவை லிமனொயிட்டுகள் எனப்படும் பெரிய இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எலுமிச்சை, தோடை ஆகியவற்றின் விதையைக் கடித்தால் வரும் கசப்பும், வேப்ப விதையின் பூச்சிகொல்லித் தன்மையும் இதே குடும்பத்துச் சேர்வைகளால் வருபவையே. ஒரே குடும்பத்தில் ஒன்று வெறும் கசப்பு, இன்னொன்று பூச்சிக்கு எதிரி, மற்றொன்று பாலூட்டிகளுக்கு நஞ்சு.

இந்த நஞ்சு உணவுக் கால்வாயையும் நரம்புத் தொகுதியையும் தாக்குகிறது. உண்ட சில மணித்தியாலங்களில் அறிகுறிகள் தோன்றலாம். வாந்தி, வயிற்றுவலி, வயிற்றோட்டம் அல்லது மலச்சிக்கல் என்பன முதலில் வரும். கடுமையான நிலையில் தள்ளாட்டம், தசை நடுக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். வளர்ப்பு விலங்குகளில் பன்றிகளே அதிகம் பாதிக்கப்பட்டுள்ளன. உடல் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறக்குறைய 5 கிராம் பழம் என்ற அளவே அவற்றுக்கு ஆபத்தானது எனக் கண்டறியப்பட்டுள்ளது. நாய், ஆடு, மாடு ஆகியனவும் நஞ்சுக்கு உள்ளாகியிருக்கின்றன. விலங்குகளுக்கான அளவை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆனால் உடல் சிறிதாக இருப்பதால், அதே கைப்பிடிப் பழம் பெரியவரை விடக் குழந்தையை அதிகம் பாதிக்கும் என்பதை எவரும் விளங்கிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சந்தேகம் எழும். "நாங்கள் சின்ன வயதில் தின்றிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லும் மூத்தவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நஞ்சின் அளவு மரத்துக்கு மரம், இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. சில மரங்களின் பழத்தில் அது மிகக் குறைவு. சிலவற்றில் மிக அதிகம். பழுத்த பழத்தில் காயை விட நஞ்சு கூடுதல். ஆகவே ஒரு மரத்தின் பழத்தைத் தின்றவருக்கு ஒன்றும் நேரவில்லை என்பது அடுத்த தெருவில் நிற்கும் மரத்துக்கு உத்தரவாதம் அல்ல. வெளித்தோற்றத்தை வைத்து எது ஆபத்தானது, எது ஆபத்தற்றது என்று பிரித்தறியவும் வழியில்லை. எல்லாவற்றையும் நஞ்சென்றே கருதுவதுதான் பாதுகாப்பு.

மலைவேம்பைக் கைமருந்தாகப் பயன்படுத்தும் வழக்கம் இந்தியாவிலும் வேறு நாடுகளிலும் உண்டு. தமிழ்நாட்டில் அதன் இலைச்சாற்றைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மருந்தையும் நஞ்சையும் பிரிப்பது அளவுதான் என்பது பழைய பாடம். அளவே மரத்துக்கு மரம் மாறும்போது, வைத்தியரின் ஆலோசனை இல்லாமல் வீட்டிலேயே சாறு பிழிந்து குடிப்பது எவ்வளவு ஆபத்தானது என்று சொல்ல வேண்டியதில்லை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இதைத் தொடவே கூடாது.

ஒரு பிள்ளை இப்பழத்தைத் தின்றுவிட்டால் வாயில் எஞ்சியிருப்பதை அகற்றி, வாயைக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்கச் செய்வதும், பாலோ எண்ணெயோ பருக்குவதும் வேண்டாம். இந்த நஞ்சுக்கென்று தனியான மாற்று மருந்து இல்லை; அறிகுறிகளுக்கே சிகிச்சை அளிக்கப்படுகிறது. ஆகவே நேரம் முக்கியம். இலையுடன் கூடிய ஒரு பழக்கொத்தையும் கையோடு எடுத்துச்செல்வது நல்லது. எந்த நஞ்சு என்று தெரிந்தால் வைத்தியருக்கு வேலை இலகுவாகும். இத்தகைய சந்தர்ப்பங்களில் வைத்தியர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை வழங்குவதற்கென்றே கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இயங்குகிறது.

ஊர் விட்டு ஊர் சென்ற மரம்

மலைவேம்பின் தாயகம் மிகப் பரந்தது. இந்தியா, இலங்கை, சீனாவின் தென்பகுதி, தென்கிழக்காசியா, அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரை ஆகிய இடங்களில் அது இயல்பாக வளர்கிறது. அங்கிருந்து மேற்காசியாவுக்கும் மத்தியதரைக் கடற்கரைக்கும் பழங்காலத்திலேயே சென்றுவிட்டது. இன்றும் பல அரபு நகரங்களின் தெருவோரங்களில் நிழல் தருவது இம்மரமே. அங்கே இதை 'ஸன்ஸலக்த்' என்று அழைப்பர். 'ஆஸாத் திரக்த்' என்ற அதே பாரசீகச் சொல்லின் சாயல் அதில் இன்னும் கேட்கிறது.

ஐக்கிய அமெரிக்காவுக்கு அது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்றது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் அந்த்ரே மிஷோ தென் கரோலைனாவின் சார்ள்ஸ்ரன் நகருக்கு அருகே அமைத்த தோட்டத்தின் வழியாகவே வந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. வெப்பம் மிகுந்த தென் மாநிலங்களில் வீட்டு முற்றத்துக்கு நிழல் வேண்டியிருந்தது. மலைவேம்பு விரைவாக வளர்ந்தது, பூத்தது, பூச்சி அரிக்கவில்லை. ஓரிரு தலைமுறைகளுக்குள் அது அந்த மண்ணின் மரம்போலவே ஆகிவிட்டது. ஹார்ப்பர் லீ 1960இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலில், அலபாமா மாநிலத்துச் சிறுவர்கள் மரவீடு கட்டி விளையாடுவது இரண்டு சைனாபெரி மரங்களுக்கு இடையில்தான். வெளியிலிருந்து வந்த மரம் ஒரு சமூகத்தின் இளமை நினைவுக்குள்ளேயே இடம்பிடித்துவிட்டதற்கு இது ஒரு சான்று.

ஆனால் இன்று புளோரிடா, டெக்சாஸ், ஹவாய் உட்படப் பல மாநிலங்களில் அது ஆக்கிரமிப்புத் தாவரமாகக் கணிக்கப்படுகிறது. தென்னாபிரிக்காவிலும் இதே கதை. அங்கு 'சிரிங்கா' என்று அன்போடு அழைத்துப் பண்ணைகளிலும் தெருக்களிலும் நட்டார்கள். அது ஆற்றங்கரைகளையும் புல்வெளிகளையும் பிடித்துக்கொண்டது. 2014ஆம் ஆண்டு வெளியான அந்நாட்டு ஒழுங்குவிதிகள் கிராமப்புறங்களில் இதைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டிய தாவரமாகப் பட்டியலிட்டன. நகர்ப்புறங்களில் ஏற்கெனவே நிற்கும் மரங்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் புதிதாகப் பதியம் வைக்கவோ விற்கவோ முடியாது. ஆர்ஜென்டீனாவில் இதன் பெயர் 'பராய்சோ'. அதன் பொருள் சுவர்க்கம். அங்கும் அது நட்ட இடத்தை விட்டுத் தப்பிக் காடுகளுக்குள் நுழைந்துவிட்டது.

ஏன் இப்படிப் பரவுகிறது?

நஞ்சுள்ள பழத்தை எந்த உயிரினம் தின்று பரப்பும் என்று கேட்கத் தோன்றும். பறவைகள்தான். பாலூட்டிகளை வாட்டும் இந்த நஞ்சு பல பறவைகளை அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை. அளவு மீறித் தின்ற பறவைகள் மயங்கித் தள்ளாடியதைக் கண்டவர்கள் உண்டு. ஆயினும் பெரும்பாலும் அவை பழத்தை விழுங்கி, சதையைச் செரித்து, கடினமான வித்தை வேறோர் இடத்தில் போட்டுவிடுகின்றன. தாவரவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்கள். பல்லால் அரைத்து வித்தைச் சிதைக்கக்கூடிய விலங்கை நஞ்சு விலக்கிவைக்கிறது. முழுதாக விழுங்கித் தூரத்தில் விதைக்கும் பறவையை அனுமதிக்கிறது. பழ வௌவால்களும் இந்த வேலையில் பங்கெடுக்கின்றன. குளிர்காலத்தில் வேறு உணவு அருகும்போதும் இம்மரத்தில் பழம் தொங்கிக்கொண்டிருப்பதால் பறவைகள் இதையே நாடி வருகின்றன. ஆற்றில் விழும் பழங்களை நீர் இழுத்துச்சென்று கரையெங்கும் சேர்க்கிறது.

விதை மட்டுமல்ல, வேரும் பரப்புகிறது. மரத்தை அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் புதிய தளிர்கள் கிளம்பும். ஒரு மரம் நின்ற இடத்தில் ஒரு புதரே உருவாகிவிடும். கோடரியை மட்டும் நம்பியவர்கள் ஏமாந்தது இதனால்தான். நாற்று கையால் பிடுங்கக்கூடிய அளவில் இருக்கும்போதே வேரோடு அகற்றுவதுதான் மிக எளிய வழி. வளர்ந்த மரமாயின் வெட்டிய உடனேயே கட்டைக்குக் களைநாசினி பூச வேண்டும். அதன் பின்னரும் ஓரிரு ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்.

உதிரும் இலைகளும் சும்மா இருப்பதில்லை. அவை உக்கும்போது மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்து, நைதரசன் சத்தைக் கூட்டுகின்றன. தோட்டக்காரருக்கு இது நற்செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அமில மண்ணுக்கும் குறைந்த சத்துக்கும் பழகிய உள்ளூர்ச் செடிகளுக்கு அதுவே இடைஞ்சல். கீழே வளரும் செடிகளின் வகை மாறுகிறது. அச்செடிகளை நம்பியிருக்கும் பூச்சிகளும் பறவைகளும் மாறுகின்றன.

எல்லாவற்றிலும் முக்கியமான காரணம் இன்னொன்று. அவுஸ்திரேலியாவில் இம்மரம் இயல்பான குடியிருப்பாளர். அங்கே இதன் இலைகளையே தின்று வாழும் ஒரு விட்டிலின் மயிர்க்கொட்டிகள் உண்டு. சில வருடங்களில் அவை ஒரு மரத்தின் இலை முழுவதையும் மொட்டையடித்துவிடும். வீட்டுக்காரருக்குத் தொல்லைதான், ஆனால் அதுவே மரத்துக்கு இயற்கை போட்ட கடிவாளம். தாயகத்தில் ஒரு தாவரத்தோடு கூடவே அதன் எதிரிகளும் வளர்ந்திருக்கும். ஒருவர் விதையைச் சட்டைப்பையில் போட்டுக் கடல் கடந்து கொண்டுசெல்லும்போது, மரம் மட்டும் போகிறது. அதன் மயிர்க்கொட்டி போவதில்லை. கடிவாளம் இல்லாத குதிரை எப்படி ஓடுமோ அப்படித்தான் அதுவும் ஓடுகிறது. ஆகவே 'ஆக்கிரமிப்பு' என்பது மரத்தின் பிறவிக் குணம் என்பதை விட, மரத்துக்கும் இடத்துக்கும் உள்ள உறவின் குணம் என்பதே பொருத்தம்.

நமது நாட்டுக்கு இதில் என்ன பாடம்?

இலங்கையில் மலைவேம்பு அந்நியன் அல்ல. அதனால் இங்கே அதை வெட்டி வீழ்த்தச் சொல்வதற்கு நியாயம் இல்லை. ஆனால் மலைவேம்பு வேறு நாடுகளில் செய்ததை, வேறு தாவரங்கள் நம் நாட்டில் செய்திருக்கின்றன.

ஆகாயத்தாமரையை எடுத்துக்கொள்வோம். அதன் ஊதாப் பூவின் அழகுக்காகவே 1905ஆம் ஆண்டளவில் அது இங்கு கொண்டுவரப்பட்டது. நாலு வருடங்கள் கூட முழுதாகக் கழியவில்லை. 1909இல் அதைத் தடைசெய்வதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இன்றும் நமது குளங்களிலும் வாய்க்கால்களிலும் அது மிதந்துகொண்டிருக்கிறது. சட்டம் வந்த பின்னரும் செடி போகவில்லை.

அம்பாந்தோட்டையில் சீமைக் கருவேல மரம் 1950களில் உவர் மண்ணைச் சீர்செய்யும் நோக்கில் அறிமுகப்படுத்தப்பட்டது. வறண்ட நிலத்திலும் விரைவாக வளரும் என்பதே அதற்கும் சொல்லப்பட்ட சிறப்பு. அதன் காய்கள் நஞ்சல்ல, இனிப்பானவை. மாடுகள் விரும்பித் தின்று, சாணத்தோடு விதைகளைப் பரப்பின. இன்று புந்தல தேசிய பூங்காவில் பெரும் பரப்பை அது மூடி நிற்கிறது. 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. தொலைதேசங்களிலிருந்து வரும் நீர்ப்பறவைகளுக்குத் திறந்த சேற்று நிலம் வேண்டும். முள்மரக் காடு அவற்றுக்குப் பயன்படாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பழம் கசப்பாக இருந்தாலும் இனிப்பாக இருந்தாலும், பரவும் மரம் தனக்கு ஒரு வாகனத்தைத் தேடிக்கொள்கிறது. ஒன்றைப் பறவை சுமந்தது, மற்றதை மாடு சுமந்தது. முதலில் சுமந்து வந்தவன் மனிதன். தீங்கு செய்ய நினைத்து எவரும் இவற்றைக் கொண்டுவரவில்லை. அழகுக்காக, நிழலுக்காக, நிலத்தைத் திருத்துவதற்காகவே கொண்டுவந்தார்கள்.

மரம் நடுவது நன்மையான செயல் என்று வீட்டிலும் மத்ரஸாவிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நாம் நட்ட மரத்திலிருந்து மனிதரும் பறவையும் விலங்கும் பயன்பெற வேண்டும் என்பதே அந்தப் போதனையின் நோக்கம். பயன்பெற வேண்டிய பிள்ளை பழத்தைத் தின்று வைத்தியசாலைக்குப் போவதும், நாம் நட்ட ஒன்று அயலில் உள்ள பத்துச் செடிகளை அழிப்பதும் அந்த நோக்கத்துக்கு ஒத்துவராது. நட வேண்டும் என்ற ஆர்வத்தோடு, எதை நடுகிறோம் என்ற விசாரணையும் சேர வேண்டும்.

நடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

மரநடுகை தினத்துக்கு நாற்று தெரிவு செய்யும் மாணவியர் "கெதியாக வளருமா?" என்ற கேள்வியோடு இன்னும் நாலு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம்.

முதலாவது, இம்மரத்தின் சொந்த இடம் எது? வெளிநாட்டு மரம் எல்லாமே தீயது என்று பொருள் அல்ல. நமது தேயிலையும் இறப்பரும் பலாசோறு தரும் ஈரப்பலாவும் வெளியிலிருந்து வந்தவையே. ஆனால் வேறு நாடுகளில் அது கட்டுமீறிப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஓரிடத்தில் பரவிய தாவரம் அதேபோன்ற காலநிலை உள்ள இன்னோரிடத்திலும் பரவக்கூடும்.

இரண்டாவது, அதன் விதையை யார் பரப்புவார்? பறவையா, காற்றா, ஓடும் நீரா? ஆற்றுக்கோ குளத்துக்கோ காட்டுக்கோ அருகில் நடுவதானால் இக்கேள்வி இன்னும் முக்கியமானது.

மூன்றாவது, அதன் காய், பழம், விதை, பால் ஆகியவற்றில் நஞ்சு உண்டா? வேலியோரத்தில் அழகுக்கு நிற்கும் மஞ்சள் அலரியின் விதை இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு என்பது எத்தனை வீடுகளில் தெரியும்? பாலர் பாடசாலைக்கும் ஆரம்பப் பிரிவுக்கும் அருகில் இத்தகைய மரங்களுக்கு இடமே இல்லை. ஏற்கெனவே மலைவேம்பு நிற்கும் வளவாக இருந்தால், உதிர்ந்த பழங்களைக் கூட்டி அள்ளுவதும், ஆடு மாடுகள் அதன் கீழ் மேயாமல் பார்ப்பதும், பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பதும் போதுமானவை.

நாலாவது, வேண்டாமென்று நினைத்தால் அதை அகற்ற முடியுமா? வெட்டினால் சாகும் மரம் வேறு, வெட்டினால் பெருகும் மரம் வேறு.

இக்கேள்விகளைக் கேட்டால் மிஞ்சுகிறவை குறைவு என்று அஞ்ச வேண்டியதில்லை. வறண்ட பிரதேசத்தில் வேம்பு, புளி, இலுப்பை, நாவல், மருது ஆகியவை இருக்கின்றன. கடற்கரையோரம் என்றால் புங்கும் பூவரசும் இருக்கின்றன. நிழலோடு வாசமும் வேண்டுமென்றால் மகிழ மரம் இருக்கிறது. இவற்றுட் பல மலைவேம்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா. ஆனால் ஒரு மரத்தின் ஆயுள் ஒரு பாடசாலைத் தலைமுறையின் ஆயுளை விட மிக நீளம். ஆறாம் தரத்தில் நாற்று நடும் மாணவி உயர்தரம் முடித்து வெளியேறும்போது அது தோளளவே வளர்ந்திருக்கலாம். அதன் முழு நிழலில் அமரப்போவது அவளுக்குப் பின் வரும் மாணவியர். அவர்கள் அண்ணாந்து பார்த்து, கைநீட்டி ஒரு பழத்தைப் பறித்து வாயில் போடும்போது அது நாவலாக இருக்கட்டும்.